ஒற்றை ஸ்பீக்கரில் திரும்பி வந்த துப்பாக்கிச் சத்தம்

போன மாதம் வீட்டு ஆம்ப்ளிஃபயர் படுத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் சிவப்பு விளக்கு இரண்டு முறை மினுக்கிவிட்டு அணைந்துவிடும். காந்திபுரத்தில் எனக்கு வழக்கமாகப் பார்த்துத் தரும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மேல்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தவர், "இரண்டு கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறது சார், போர்டையும் பார்க்க வேண்டும், மூன்று வாரம் ஆகும்" என்றார்.

ஐந்து ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஹாலில் ஊமையாக நின்றன. டிவியின் சொந்தச் சத்தமோ தகரக் கூரையில் மழை பெய்வது போல இருக்கும், சகிக்காது. பரணில் கிடந்த பழைய ஸ்பீக்கர் ஒன்றை இறக்கித் துடைத்து, டிவிக்கு நேர் கீழே நடுவில் வைத்து இணைத்தேன். அதன் ஜோடி எப்போதோ பழுதாகிவிட்டது. இது ஒன்றுதான் வேலை செய்தது.

அதே வாரத்தில் அலுவலகத்தில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவன் வந்து கேட்டான். "அண்ணா, 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' 4கே டிஸ்க் விலை இறங்கியிருக்கிறது. உங்களிடம் எல்லாப் பதிப்பும் இருக்கிறதே, எதை வாங்கட்டும்?"

ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் புதையலைத் தேடும் மூன்று துப்பாக்கிக்காரர்களைப் பற்றிய இந்த இத்தாலியப் படத்தின் டிஸ்க்குகள் மீது எனக்குப் பல வருடக் கோபம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் "இதை வாங்கு" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் அவனுக்கும், இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

நான் இதை முதலில் பார்த்தது கல்லூரி விடுதியில், வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில். அகலத்திரைப் படத்தைப் பழைய டிவியின் சதுரத்துக்குள் அடைப்பதற்காக இருபுறமும் வெட்டிய பிரதி அது. 2.35க்கு 1 என்ற அகலத்தை 1.33க்கு 1 ஆக்கினால் படத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் போய்விடும். மூன்று பேர் மோதும் கடைசிச் சண்டையில் ஒரே நேரத்தில் மூன்று பேரையும் பார்த்த நினைவே எனக்கு இல்லை. ஆனால் சத்தம் முழுதாக இருந்தது. விடுதியின் பொது அறையில், ஒரே ஒரு ஸ்பீக்கர் கொண்ட டிவியில், அந்தத் துப்பாக்கிகள் வெடித்த விதம் இன்றும் காதில் இருக்கிறது. "பட்" என்று ஒரு வெட்டு, அதன் பின்னால் குண்டு பாறையில் பட்டுத் தெறித்து நீளமாக இழுத்துக்கொண்டு போகும் "வீய்ங்ங்".

பிறகு 2004-இல் வெளியான இரட்டை டிவிடியைக் கைக்காசு சேர்த்து வாங்கினேன். 179 நிமிட நீண்ட வடிவம். ஆங்கிலப் பிரதியில் இல்லாத காட்சிகளெல்லாம் சேர்த்து 2003-இல் புதுப்பிக்கப்பட்டது. அகலம் முழுவதும் கிடைத்தது. முதல்முறையாகக் கல்லறை மைதானத்தின் வட்டத்தை முழுதாகப் பார்த்தேன். எழுந்து நின்றுவிட்டேன் என்பது மிகையில்லை. ஆனால் முதல் துப்பாக்கி வெடித்ததுமே ஏதோ உறுத்தியது. அது நான் கேட்ட துப்பாக்கி இல்லை. கனத்து, மொத்தையாக, மூட்டையைத் தரையில் போட்டது போல "தொம்" என்று விழுந்தது. இழுத்துக்கொண்டு போகும் அந்த வாலைக் காணவில்லை.

விஷயம் இதுதான்: ஐந்து ஸ்பீக்கரிலும் ஒரு சப்வூஃபரிலும் பிரிந்து வரும் 5.1 சரவுண்டுக்காக ஒலியைப் புதிதாகக் கலந்தபோது, பழைய சத்தங்கள் பலவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்துவிட்டார்கள். 1966-இல் மோனோவாக, அதாவது எல்லாச் சத்தமும் ஒரே தடத்தில் சேர்ந்து, வந்த படம் இது. அந்த டிவிடியிலும் அடுத்து வந்த புளூ-ரேயிலும் ஆங்கிலத்துக்கு இந்தப் புதுச் சத்தம் மட்டும்தான். மோனோ வேண்டுமென்றால் இத்தாலிய மொழிக்குப் போக வேண்டும். இத்தனை வருடம் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். நண்பர்களிடம் சொன்னால், "துப்பாக்கிச் சத்தம்தானே, இதற்குப் போய் இப்படியா" என்பார்கள்.

இப்படித்தான். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தப் படம் எடுக்கும்போது நேரடியாக ஒலிப்பதிவு செய்யப்படவில்லை. அன்றைய இத்தாலியப் படங்களின் வழக்கம் அது. பிளாண்டியாக வரும் கிளின்ட் ஈஸ்ட்வுட், டுகோவாக வரும் ஈலை வாலக், ஏஞ்சல் ஐஸாக வரும் லீ வான் கிளீஃப் மூவரும் ஆங்கிலத்தில் பேச, எதிரே நிற்பவர்கள் இத்தாலியத்திலோ ஸ்பானியத்திலோ பேசுவார்கள். எல்லாவற்றையும் பிறகு ஒலிக்கூடத்தில் உட்கார்ந்து சேர்ப்பார்கள். உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று வெளிநாட்டு விமர்சகர்கள் இதைக் குறையாக எழுதுவதுண்டு. பல பத்தாண்டுகள் டப்பிங் குரலிலேயே நாயகிகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது ஒரு குறையாகவே தெரியாது. ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். இந்தப் படத்தில் காலடி, காற்று, ஈ, குதிரைச் சேணம், துப்பாக்கி என்று காதில் விழுவது எதுவுமே படமெடுத்த இடத்தில் தானாகக் கிடைத்ததில்லை. ஒவ்வொன்றையும் ஒருவர் யோசித்துத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார். எனியோ மோரிகோனேயின் மெட்டு எப்படிப் படைப்போ, அப்படியே அந்தக் குண்டின் "வீய்ங்ங்" என்பதும் படைப்பு. புல்லாங்குழலை மாற்றி வயலின் வைத்தால் ஊரே சண்டைக்கு வரும். துப்பாக்கியை மாற்றினால் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

அதிலும் இது காதால் பிழைக்கிறவர்களைப் பற்றிய படம். இதை நான் உணர்ந்தது இந்த மூன்று வாரத்தில்தான், அந்த ஒற்றை ஸ்பீக்கரில், 4கே டிஸ்கின் மோனோ ஒலியைத் தேர்ந்தெடுத்துக் கேட்டபோது.

ஓட்டல் அறைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாண்டி துப்பாக்கியைக் கழற்றி மேசையில் பரப்பித் துடைத்துக்கொண்டிருக்கிறான். வெளியே தெருவில் படை அணிவகுத்துப் போகிறது. அந்தக் காலடிச் சத்தத்தோடு தங்கள் காலடியைச் சேர்த்து, மூன்று பேர் மாடிப்படி ஏறி வருகிறார்கள். திடீரென்று படை நிற்கிறது. ஒரு கணம் தாமதித்து, கதவுக்கு வெளியே ஒரு குதிமுள் "சிலிங்" என்கிறது. அவ்வளவுதான். துடைத்துக்கொண்டிருந்த கை நிற்கிறது, தலை நிமிர்கிறது, பாகங்கள் ஒன்றுசேர்கின்றன. சரவுண்டில் படையின் சத்தம் என் ஹால் முழுவதும் பரவிக் கிடக்கும். அது நிற்கும்போது பிரமாண்டமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சின்னச் சிலிங் அதில் கரைந்துவிடும். மோனோவில் எல்லாச் சத்தமும் ஒரே வாசல் வழியாக வருகிறது. பெரியது நின்றதும் சிறியது அதே இடத்தில் தனியாக நிற்கிறது. எத்தனையோ முறை பார்த்த காட்சியில் அன்றைக்கு முதல்முறையாக, பிளாண்டிக்குக் கேட்ட அதே நொடியில் எனக்கும் கேட்டது. என்ன நடக்கப் போகிறது என்று நன்றாகத் தெரிந்தும் முதுகு நிமிர்ந்துவிட்டது.

அடுத்தது துப்பாக்கிக் கடை. பாலைவனத்தைக் கடந்து நாக்கு வறண்டு வந்து சேரும் டுகோ, கடையில் உள்ள ரிவால்வர்களையெல்லாம் கழற்றிப் போட்டு, ஒன்றின் குழல், இன்னொன்றின் உருளை என்று பொறுக்கித் தனக்கென ஒன்றைச் சேர்க்கிறான். துப்பாக்கியைப் பற்றித் தனக்கு அதிகம் தெரியாது, கேமராவின் முன் தோன்றியதைச் செய்தேன் என்று வாலக் பிறகு சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு உருளையையும் காதோரம் வைத்துச் சுழற்றுகிறான். கண்ணை மூடிக்கொள்ளாத குறை. "கிளிக் கிளிக் கிளிக்" என்று ஓடுவதைக் கேட்டு, உதட்டைப் பிதுக்கி ஒன்றை ஒதுக்குகிறான். இன்னொன்றைக் கேட்கிறான், முகம் மாறுகிறது. நாம் மாம்பழத்தை மோந்து பார்த்து வாங்குவது போல அவன் சத்தத்தைக் கேட்டு வாங்குகிறான். கடைக்காரக் கிழவர் எச்சில் விழுங்கிக்கொண்டு நிற்கிறார். பழைய மோனோவில் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு குரல் இருக்கிறது. ஒன்று சற்றுக் கரகரப்பு, ஒன்று நெய் போட்டது போல வழுவழுப்பு. இந்தக் காட்சி உள்ள ஒரு படத்தில், சத்தத்தை மாற்றினால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். பாலம் வெடிக்கும் காட்சி 5.1-இல் நன்றாக இருக்கிறது. ஸ்பெயினில் புர்கோஸ் பக்கம் ஆர்லான்சா ஆற்றின் மீது உண்மையாகவே பாலம் கட்டி உண்மையாகவே வெடித்தார்கள். கேமரா ஓடாதபோதே தவறுதலாக ஒரு முறை வெடித்துவிட, ஸ்பெயின் ராணுவ வீரர்கள் மறுபடி கட்டிக்கொடுத்தார்கள். அந்த உழைப்புக்குச் சப்வூஃபர் செய்யும் மரியாதை சரியானதுதான். ஜன்னல் கண்ணாடி அதிரும், காலடியில் தரை நடுங்கும். மோனோவில் அது ஓர் உரத்த சத்தம், அவ்வளவே. எட்டா டெல்லோர்சோவின் குரல் கல்லறைகளுக்கு மேலே எழும்பி வரும் அந்த ஓட்டக் காட்சியிலும் இசை அகலமாக விரிவது சுகம்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் பிளாண்டி, ஏஞ்சல் ஐஸைச் சுட்டுக் குழியில் வீழ்த்திவிட்டு, தொப்பியையும் துப்பாக்கியையும் சுட்டுச் சுட்டே உள்ளே தள்ளுவான் அல்லவா? அங்கே அந்த "வீய்ங்ங்" வேண்டும். அது இல்லாவிட்டால் பொட்டு வைக்காமல் விட்ட முகம் போல இருக்கிறது.

படத்தின் தரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2014-இல் புதிதாக ஸ்கேன் செய்து வந்த பதிப்பில் எல்லாவற்றின் மீதும் மஞ்சள் ஏறியிருந்தது. வானம்கூட மஞ்சளோடிக் கிடந்தது. அதை ஒரே ஒரு முறை பார்த்தேன். 2021-இல் வந்த 4கே டிஸ்கில் அந்தக் கறை பெருமளவு போய்விட்டது. டெக்னிஸ்கோப் முறையில் எடுத்த படம் என்பதால் ஒரு சட்டத்துக்கு, பிலிமின் ஓரத் துளைகளால் அளந்தால், வழக்கமான நான்கு துளை உயரத்துக்குப் பதில் இரண்டு துளை உயரம்தான். பாதி பிலிம், பாதிச் செலவு. அதனால் மணல் போன்ற பொடித்தன்மை திரையில் தெரியும். அது கோளாறு இல்லை, டிவியில் அதைத் துடைக்கும் வசதியை அணைத்துவிட்டுப் பாருங்கள். டொனினோ டெல்லி கோல்லி எடுத்த நெருக்கமான முகங்களில் தாடிக்குள் படிந்த புழுதி தனித்தனியாகத் தெரிகிறது. இறுதிச் சண்டையில் லீ வான் கிளீஃபின் வலது கை துப்பாக்கியை நோக்கி இறங்கும்போது, நடுவிரலின் நுனி இல்லை என்பது தெளிவாகத் தெரியும். கேசட் காலத்தில் அந்தக் கையை எத்தனை முறை பார்த்திருப்பேன், ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.

வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்கப் புளூ-ரே என்றால் மண்டலக் குறியீடு பார்க்க வேண்டும். அவர்களுடையது ஏ, நம்முடையது சி. உள்ளே போட்டால் பிளேயர் ஒரே வரியில் மறுத்துவிடும். 4கே டிஸ்க்குக்கு அந்தத் தொல்லை கிடையாது, எங்கே வாங்கினாலும் ஓடும். ஆனால் சாதாரணப் புளூ-ரே பிளேயரில் 4கே டிஸ்க் ஓடாது.

சரி, சேர்க்கப்பட்ட காட்சிகளுக்கு வருகிறேன். இங்கேதான் என் மனம் ஒரு நிலையில் நிற்க மறுக்கிறது.

அந்தக் காட்சிகள் ஆங்கிலப் பிரதி தயாராகும் முன்பே வெட்டப்பட்டவை. அதனால் அவற்றுக்கு ஆங்கிலக் குரல் பதிவு செய்யப்படவே இல்லை. 1998-இல் வந்த முதல் டிவிடியில் அவை இத்தாலிய மொழியில், தனி இணைப்பாக மட்டும் இருந்தன. 2003-இல் படத்துக்குள் சேர்க்க முடிவானபோது, ஈஸ்ட்வுட்டையும் வாலக்கையும் மறுபடி வரவழைத்துப் பேச வைத்தார்கள். லீ வான் கிளீஃப் 1989-இலேயே காலமாகிவிட்டார். அவருக்கு வேறொருவர் குரல் கொடுத்தார்.

படம் எடுத்தபோது வாலக்குக்கு 50 வயது. மறுபடி பேசியபோது 87. திரையில் ஐம்பது வயது மனிதன் கண்ணை உருட்டிக்கொண்டு துள்ளுகிறான், தொண்டையிலிருந்து வருவது ஒரு தாத்தாவின் குரல். காற்று கலந்த, ஓரம் தேய்ந்த குரல். ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கியதும் அதே வாயிலிருந்து இளமைக் குரல். இந்தத் தாவல் பல வருடம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. வெள்ளைச் சட்டையில் ஒட்டுப்போட்டது போலத் தெரிந்துகொண்டே இருக்கும். அதிலும் குகைக் காட்சி. டுகோ கையில் ஒரு கோழியோடு குகைக்குள் வந்து, தனியாகப் பேசுவது போலப் பேசித் தன் பழைய கூட்டாளிகளை இறங்கி வரவைக்கும் இடம். ரோமில் நடந்த முதல் திரையிடலுக்குப் பிறகு செர்ஜியோ லியோனியே வெட்டியெறிந்த காட்சி அது. இயக்குநரே வேண்டாமென்றதை, அவர் போன பிறகு எடுத்து ஒட்டுவது என்ன நியாயம் என்று பலமுறை வாதாடியிருக்கிறேன். இன்றும் அந்த வாதத்தில் ஓட்டை இல்லை என்றே நினைக்கிறேன்.

இந்தக் காட்சிகள் இல்லாமல் கதைக்கு நட்டம் உண்டா? ஓர் இடத்தில் உண்டு. ஏஞ்சல் ஐஸ் சிதைந்த கோட்டைக்குப் போய், காயம்பட்டுக் கிடக்கும் தெற்குப் படையினர் நடுவே, புதையல் ரகசியம் தெரிந்த பில் கார்சனைத் தேடும் காட்சி நீண்ட வடிவத்தில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பிறகு அவன் போர்க்கைதி முகாமில் சார்ஜன்ட்டாக உட்கார்ந்திருப்பது எப்படி என்று புரியாது. அதோடு, கொலைத்தொழில் செய்பவன் முகத்தில் ஒரு கணம் போரைப் பார்த்த அதிர்ச்சி படிவதும் அங்கேதான். அந்தக் காட்சி இருக்க வேண்டியது. மற்றவை இல்லாமலும் 161 நிமிடப் படம் குறையில்லாமல் ஓடுகிறது.

ஆக, தம்பிக்கு நான் சொன்ன பதில் இது: 4கே டிஸ்கை வாங்கு. ஆங்கிலத்தில் முதலில் திரைக்கு வந்த 161 நிமிட வடிவம். ஒலி மெனுவுக்குப் போய் மோனோவைத் தேர்ந்தெடு. சரவுண்ட் வைத்திருந்தால் நடு ஸ்பீக்கரில் மட்டும் வரும்படி விடு, நன்றாகச் சத்தமாக வை. முதல் பத்து நிமிடம் ஒரு வார்த்தை பேச்சு இருக்காது, காற்றும் நாய் குரைப்பும் காலடியும்தான். அங்கேயே உனக்குப் புரிந்துவிடும். பழைய டிவிடியைத் தேடி அலையாதே, அதில் துப்பாக்கி தப்பு, குரல் தப்பு.

அவன் வாங்கிவிட்டான். போன சனிக்கிழமை பார்த்துவிட்டு இரவு பதினொன்றரைக்குப் போன் செய்தான். "அண்ணா, அந்தக் கடையில் காதில் வைத்துக் கேட்கிறானே..." என்று அதிலிருந்துதான் தொடங்கினான். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்ளிஃபயர் திரும்பி வந்தது. நான்கு கெப்பாசிட்டர், ஒரு ரிலே மாற்றியிருந்தார், கேட்ட பணமும் நியாயம். ஒயர்களையெல்லாம் பொருத்திவிட்டுச் சோதிக்க ஏதாவது போட வேண்டும். அலமாரியில் 4கே டிஸ்க் முன்னால் இருந்தது. கை அதைத் தாண்டி அந்தப் பழைய டிவிடியை எடுத்தது. நேராகக் குகைக் காட்சிக்குப் போனேன்.

துப்பாக்கி அப்படியே தப்பு. படம் 4கே பார்த்த கண்ணுக்குக் கலங்கலாக இருந்தது. ஆனால் அன்றைக்கு அந்தக் குரலைக் கேட்கும்போது வேறு ஒன்று தோன்றியது. 87 வயதில் ஒருவர் ஒலிக்கூடத்துக்கு வந்து, 37 வருடத்துக்கு முந்தைய தன் முகத்தைத் திரையில் பார்த்து, அதன் உதட்டசைவைப் பிடித்துப் பேசியிருக்கிறார். மூச்சு வாங்குகிறது. ஆனால் டுகோவின் பசி, நைச்சியம், ஒன்றும் குறையவில்லை. எந்த இடத்தில் குழைய வேண்டும், எந்த இடத்தில் ஏமாற்ற வேண்டும் என்று அந்தத் தொண்டைக்கு இன்னும் தெரிந்திருக்கிறது. வாலக் 2014-இல் போய்விட்டார். இந்தக் குரல் நான் பரிந்துரைத்த 161 நிமிடத்தில் இல்லை.

காட்சியை இரண்டாவது முறையும் போட்டேன். சமையலறையிலிருந்து வந்த மனைவி, "இந்தச் சத்தம் பிடிக்காது என்றுதானே இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?" என்றாள். ஆமாம், பிடிக்காது என்று சொல்லிவிட்டு மூன்றாவது முறை போட்டேன்.

தம்பி, 4கே டிஸ்க்தான் நல்லது. அந்த டிவிடியை மட்டும் இரவல் கேட்காதே.